மீட்டர்காரரின் கை

கை தாழ்ப்பாளை நோக்கிப் போகிறதா, தாழ்ப்பாளைவிட்டு விலகுகிறதா? உலகத்தில் இதைவிடப் பெரிய கேள்விகள் இருக்கலாம். ஆனால் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கும் ஒரு மனிதரின் குடும்பத்தில், கல்யாணமான நாளிலிருந்து, இதுதான் பெரிய கேள்வி.

விஷயம் இதுதான். 'சாவிக்காரி' என்று ஒரு சித்திரக்கதை ஒரு காலத்தில் வாராவாரம் வந்துகொண்டிருந்தது. எந்தப் பூட்டையும் ஒரு கொண்டை ஊசியால் திறந்துவிடுகிற துப்பறியும் பெண்ணின் கதை. கடைசியாக வந்த இதழில் எதிரிகள் அவளை ஒரு பழைய கட்டிடத்தின் நிலவறையில் தள்ளி, வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தாழ்ப்பாளுக்கு ஏது சாவித் துவாரம்? கொண்டை ஊசி என்ன செய்யும்? அவள் உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிறாள். அந்த நேரம் பார்த்து மின்சார ஊழியர் ஒருவர் படியிறங்கி வருகிறார். 'மீட்டர் பாக்கணும்' என்கிறார். கதையில் அவர் பேசுவது அவ்வளவுதான். தட்டும் சத்தம் அவர் காதில் விழுகிறது. கடைசிக் கட்டத்தில் தாழ்ப்பாளும் அவருடைய கையும் மட்டும். கீழே 'தொடரும்' என்று போட்டிருந்தது. தொடரவில்லை. பத்திரிகை நின்றுபோனது.

கை திறக்கத்தான் போகிறது என்பது நம்மவர் கட்சி. பயந்து பின்னால் இழுத்துக்கொள்கிறது என்பது அவருடைய மனைவியின் கட்சி. இருவரும் முதன்முதலில் பேசிக்கொண்டதே ஒரு பழைய புத்தகக் கடையில், அந்தக் கடைசி இதழின் ஒரே பிரதியை ஆளுக்கு ஒரு முனையில் பிடித்துக்கொண்டுதான். கல்யாணத்துக்கு முன்னால் அது சுவையான வாதமாக இருந்தது. கல்யாணத்துக்குப் பின்னால், போதாத காலம், அவருக்கு மீட்டர் பார்க்கும் வேலையே கிடைத்தது. அன்றோடு அந்த வாதம் புத்தகத்தைவிட்டு இறங்கி வீட்டுக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

குழாய் ஒழுகுவதைச் சரிசெய்யத் தள்ளிப்போட்டால், 'நீங்கதான் கையை இழுத்துக்கிற ஆளாச்சே' என்பாள். வீட்டுக்காரரிடம் வாடகை பற்றிப் பேசத் தயங்கினாலும் அதே பாட்டுத்தான். அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மேலதிகாரியிடம் விடுப்புக் கேட்கக் கூச்சப்பட்டு அவர் மறுநாள்தான் போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு அவள் அவருடைய கையை மட்டும் ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வை அவருக்கு இன்னும் வலிக்கிறது.

அதனால்தான், சித்திரக்கதை ரசிகர் பேரவையின் மாநாட்டுக்குச் 'சாவிக்காரி' ஓவியர் வருகிறார், பொது இடத்துக்கு அவர் வருவது இதுவே கடைசி முறை என்று விளம்பரம் பார்த்ததும் அவருக்குத் தூக்கம் போயிற்று. படைத்தவர் வாயால் 'திறந்தான்' என்று ஒரு சொல் வந்துவிட்டால் போதும். மிச்ச ஆயுளை நிமிர்ந்து நடந்து கழித்துவிடலாம்.

"கையெழுத்து, போட்டோ எதுவும் வேண்டாம். கேட்டுட்டு மட்டும் வாங்க" என்றாள் மனைவி. மருந்துக்கடையில் அவளுக்கு அன்று வேலைமுறை. இல்லாவிட்டால் அவளே வந்து கேட்டிருப்பாள்.

அவருக்கும் காலையில் பாதி நாள் வேலை இருந்தது. முடித்துவிட்டு, காக்கிச் சீருடையோடும் தோள்பையோடும் டார்ச் விளக்கோடும் நேராக மாநாட்டு மண்டபத்துக்குப் போனார். இதுதான் அவர் செய்த தப்பு.

மண்டபத்துக்கு இரண்டு வாசல். ஒன்றில் 'ரசிகர்கள்', மற்றதில் 'பாத்திரங்கள்' என்று பலகை. ரசிகர் வாசலில் நின்ற காவலாளி அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, கையை நீட்டி மறித்தார்.

"வேஷம் போட்டவங்கல்லாம் அந்தப் பக்கம் சார்."

"வேஷம் இல்லீங்க. நான் நிஜமாவே மீட்டர் பாக்குறவன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. காலையில ஒருத்தர் நிஜமாவே ராஜான்னு சொன்னார். அவரையும் அந்தப் பக்கம்தான் அனுப்பினேன்."

சண்டை போட்டுப் பழக்கமில்லாதவர் என்ன செய்வார்? அந்தப் பக்கம் போனார். அங்கே பேரவையின் உடை ஆய்வாளர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அளவுநாடா, கையில் பூதக்கண்ணாடி, முன்னால் 'சாவிக்காரி'யின் கடைசிப் பக்கத்தைப் பெரிதாக்கிய படம். அவர் நம்மவரைச் சுற்றி இரண்டு வட்டம் வந்தார்.

"மீட்டர்காரர் பாத்திரம். நல்ல முயற்சி. ஆனா நுணுக்கம் போதாது. படத்துல பை புதுசா இருக்கு, உங்களுது கிழிஞ்சிருக்கு. சட்டையில வேர்வை வேற. மீட்டர் பாக்குறவர் ஏன் சார் இப்படி வேர்க்கப் போறார்?"

"மாடிப்படி ஏறி இறங்கினா வேர்க்குங்க."

"அதெல்லாம் உங்க கற்பனை. மூலத்துல இல்ல."

நம்மவர் கடைசி முயற்சியாக அலுவலக அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். ஆய்வாளரின் முகம் மலர்ந்தது. அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார்.

"பிரமாதம். அட்டை எங்க அடிச்சீங்க? அசல் மாதிரியே இருக்கு. போட்டோதான் கொஞ்சம் உங்க ஜாடை இல்ல."

மணிக்கட்டில் ஒரு பச்சைப் பட்டையைக் கட்டினார்கள். அதில் 'பாத்திரம்' என்று எழுதியிருந்தது. அதை அவிழ்க்க முடியாது, அறுக்கத்தான் முடியும். அறுத்தால் வெளியேதான் போக வேண்டும் என்றார்கள். இத்தனை வருடமாக மனிதராக இருந்தவர், ஒரு நிமிடத்தில் பாத்திரமாகி உள்ளே போனார்.

உள்ளே எங்கு பார்த்தாலும் வரிசை. வரிசையில் நிற்பதற்கு அனுமதி வாங்க ஒரு வரிசை இருந்தது. அது எங்கே தொடங்குகிறது என்று கேட்பதற்கு இன்னொரு வரிசை இருந்தது. 'ஓவியர் சந்திப்பு' என்று பலகை வைத்த மேஜைக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி, அலுக்காத புன்னகையோடு உட்கார்ந்திருந்தார்.

"நம்மகிட்ட நாலு வகை சந்திப்பு இருக்கு சார். தூரத்திலேருந்து பாக்குறது, பக்கத்துலேருந்து பாக்குறது, கையெழுத்து, கைகுலுக்கல்."

"பேசுறதுக்கு எதும்மா?"

"பேசுறது இல்ல சார். முன்னாடி இருந்துச்சு. ஒருத்தர் ஏதோ கேட்டார், ஓவியரும் பதில் சொல்லிட்டார். அதோட வரிசை நின்னுபோச்சு. அன்னிக்கே அந்தச் சந்திப்பை எடுத்துட்டோம்."

"கைகுலுக்குறப்போ ஒரு வார்த்தை கேக்கலாமா?"

"யார்கிட்ட கேப்பீங்க? ஓவியர் கையைக் குலுக்குறது முதல் வகுப்புச் சீட்டுக்குத்தான். மத்தவங்களுக்கு அவரோட உதவியாளர் கை. அவரும் நல்லாத்தான் குலுக்குவார்." அதிகாரியின் பார்வை பச்சைப் பட்டையில் விழுந்தது. புன்னகை மாறவில்லை, குரல்தான் மாறியது. "நீங்க பாத்திரமா? அப்போ உங்களுக்கு எந்தச் சந்திப்பும் கிடையாது. பாத்திரம் தன்னை வரைஞ்சவரையே வரிசையில நின்னு பாத்தா நல்லாவா இருக்கும்?"

பாத்திரத்திலிருந்து விடுபட வழி உண்டா என்று கேட்டார். தாராளமாக உண்டு என்றார்கள். பாத்திர விடுவிப்புக் குழு என்று ஒன்று மாடியில் இருந்தது. அதன் பொறுப்பாளர் கிரீடம் வைத்துக்கொண்டு நாற்காலியில் வீற்றிருந்தார். நம்மவர் தன் வழக்கைச் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டார். மறுபடி சொன்னார். மறுபடியும் கேட்டுக்கொண்டார். பக்கத்திலிருந்த ஊழியர்தான் இரக்கப்பட்டு விளக்கினார்.

"ஐயா இந்த வருஷம் ஊமை ராஜா பாத்திரம் எடுத்திருக்கார். சாயங்காலம் போட்டி முடியிறவரைக்கும் பேச மாட்டார். பேசினா தகுதி போயிடும்."

"தலையாவது ஆட்டலாமே?"

"ஊமை ராஜா பிடிவாதக்காரர் சார். கதையில எதுக்கும் தலையாட்ட மாட்டார்."

இந்த இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் பட்டையை அறுத்தெறிந்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவரால் முடியவில்லை. போனால் மனைவி ஒன்றும் கேட்கமாட்டாள், கையைத்தான் பார்ப்பாள். அந்த நினைப்பிலேயே கைபேசி ஒலித்தது. அவள்தான்.

"கேட்டாச்சா?"

"இல்ல. இங்க என்னைப் பாத்திரம் ஆக்கிட்டாங்க."

"என்ன பாத்திரமோ, கழுவிக் கவுத்து வச்சுட்டு, போன வேலையப் பாருங்க" என்று வைத்துவிட்டாள். கடையில் கூட்டம் போலிருக்கிறது.

பாத்திரங்கள் காத்திருக்கும் அறையில் ஒரு டிராகன் சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. பச்சைச் செதில், நீளமான வால், கையில் தண்ணீர் பாட்டில். விசாரித்ததில் அது ஒரு பல் டாக்டர் என்று தெரிந்தது.

"உக்காரலாமே டாக்டர்."

"வால் விடமாட்டேங்குது சார். காலையிலேருந்து நிக்கிறேன். என்கிட்ட வர்றவங்களை நான் உக்காரச் சொல்லியே பழக்கம். இப்பத்தான் அதோட அருமை தெரியுது." டாக்டர் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்: "நீங்க எதுக்கு வந்தீங்க?"

நம்மவர் சொன்னார். தாழ்ப்பாள், கை, மனைவி எல்லாவற்றையும் சொன்னார். டிராகன் கவனமாகக் கேட்டது.

"கவலைப்படாதீங்க. பாத்திர அணிவகுப்புன்னு ஒண்ணு இருக்கு. ஒவ்வொருத்தரா மேடையில ஏறி ஓவியர் முன்னால நிக்கணும். அவ்வளவு கிட்டப் போறது நாம மட்டும்தான். ஆனா ஒரு சிக்கல். புத்தகத்துல நமக்கு என்ன வசனமோ அதை மட்டும்தான் பேசலாம். எனக்கு உறுமல்தான். உங்களுக்கு?"

நம்மவருக்கு ஒரே ஒரு வசனம். 'மீட்டர் பாக்கணும்.' அதைத்தான் தினமும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அதைச் சொல்லி என்ன தெரிந்துகொள்ள முடியும்? மீட்டரைத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

இதற்குள் பெரிய அரங்கத்தில் பேரவைத் தலைவர் பேசத் தொடங்கியிருந்தார். பாத்திரங்களும் போய்க் கேட்க வேண்டும் என்று விதி. போனார்கள். தலைவர் பட்டு அங்கி போட்டிருந்தார். அது எந்தக் கதையின் உடையும் அல்ல, அவருடைய சொந்த உடை.

"அன்பர்களே, நான் சித்திரக்கதை படித்ததில்லை. இதை வெட்கத்தோடு சொல்லவில்லை, பொறுப்போடு சொல்கிறேன். படித்தவர் தலைவரானால் தமக்குப் பிடித்த கதைக்குச் சலுகை காட்டிவிடுவார். எனக்கு எல்லாக் கதையும் ஒன்றுதான். சிலர் குறைபட்டுக்கொள்கிறார்கள், வருடா வருடம் வருகிறோம், ஓவியரோடு ஒரு வார்த்தை பேச முடியவில்லையே என்று. அவர்களைக் கேட்கிறேன். பேசிவிட்டால் அடுத்த வருடம் எதற்கு வருவீர்கள்? ரசிகனின் சொத்து அவனுடைய ஆசை. அது நிறைவேறிவிட்டால் அவன் ஏழையாகிவிடுவான். உங்கள் ஆசை எதுவும் நிறைவேறாமல் இத்தனை காலம் கட்டிக்காத்து வந்திருக்கிறோம். இனியும் காப்போம்."

அரங்கம் அதிரக் கைதட்டினார்கள். நம்மவருக்கும் கை தன்னாலே தட்டியது. பிறகுதான் எதற்குத் தட்டினோம் என்று யோசித்தார்.

அணிவகுப்பு தொடங்கியது. மேடை நடுவில் ஒரு மேஜைக்குப் பின்னால் நாற்காலியில் ஓவியர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான முதியவர், கம்பளிச் சட்டை, பாதி மூடிய கண். அவருக்கு இடப்பக்கம் பேரவைச் செயலாளர் நின்று, ஒவ்வொரு பாத்திரம் வரும்போதும் அவருடைய முழங்கையை லேசாகத் தூக்கிவிட்டார். கை தானாக அசைந்து ஆசி வழங்கியது. டிராகன் போய் உறுமியது. அசல் உறுமலைவிட உண்மையாக இருந்தது. காலையிலிருந்து நின்ற கால்வலி அதில் இருந்தது. ஓவியர் கண்ணைத் திறக்கவில்லை.

அடுத்தது நம்மவர். மேடையேறினார். மனதுக்குள் ஆயிரம் கேள்வி முட்டி மோத, வாய்க்கு அனுமதிக்கப்பட்டது ஒன்றுதான்.

"மீட்டர் பாக்கணும்."

வேறு எவ்விதமும் அவருக்குச் சொல்லத் தெரியாது. தினமும் அடைத்த கதவுகளுக்கு முன்னால், பதில் வராது என்று தெரிந்தே சொல்கிற அந்தத் தொனியில்தான் சொன்னார். ஓவியரின் கண் திறந்தது. கிழிந்த பையைப் பார்த்தார். வேர்வைச் சட்டையைப் பார்த்தார். செயலாளர் தூக்கிய முழங்கையை விடுவித்துக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"நீதானா? வாப்பா. கதவைத் திறந்தியா?"

செயலாளர் விதிகளைப் புரட்டினார். ஓவியர் கேள்வி கேட்கக்கூடாது என்று அதில் எங்கும் இல்லை. அவர் பேசுவார் என்றே யாரும் எதிர்பார்க்கவில்லை.

"ஐயா, அதை நீங்கதான் சொல்லணும்" என்றார் நம்மவர், வசனத்தை மீறி.

"எனக்குத் தெரியாதே தம்பி. பத்திரிகை நின்னதால கதை நின்னுபோச்சுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. இல்ல. கையை வரைஞ்சேன், அது எந்தப் பக்கம் போகுதுன்னு எனக்கே பிடிபடல. அடுத்த வாரம் குடுக்கல, அதுக்கடுத்த வாரமும் குடுக்கல. கதை இல்லாம பத்திரிகைக்காரன் எப்படி ஓட்டுவான், மூடிட்டான். எத்தனையோ பேர் வந்தாங்க, எல்லாரும் கையெழுத்துத்தான் கேட்டாங்க. நீ மீட்டர் பாக்குறவன். உள்ள யாரோ தட்டுறாங்க. வெளியே தாழ்ப்பாள். நீ சொல்லு."

நம்மவருக்கு வாயில் பதில் தயாராக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில். திறந்தேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும், வீட்டில் ஜெயம். ஆனால் இதுவரை அவர் வாதாடியதெல்லாம் புத்தகத்து மனிதருக்காக. இப்போது கேள்வி அவருடைய சட்டையையே பிடித்துக்கொண்டது. பூட்டிய கதவுகள், உள்ளிருந்து வந்த அழுகைச் சத்தங்கள், சண்டைச் சத்தங்கள், அவற்றைத் தாண்டி அடுத்த வாசலுக்குப் போன தன் கால்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. அவருக்கு வெட்கமாக இருந்தது. பொய் சொல்ல அதைவிட வெட்கமாக இருந்தது.

"திறந்திருக்க மாட்டேங்க. 'வீடு பூட்டியிருந்தது'ன்னு எழுதிட்டுப் போயிருப்பேன். பயம்னு சொல்ல முடியாது. வேற யாராவது வருவாங்க, அவங்க பாத்துக்குவாங்கன்னு தோணும். அடுத்த வீட்டுக்கு நேரமாயிடுச்சுன்னு தோணும். அப்படியே போயிடுவேன்."

ஓவியர் சிரித்தார். உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தார். "அதானே, அதானே" என்று சொல்லிக்கொண்டு, கையெழுத்துப் போடக் கட்டி வைத்திருந்த பேனாவை இழுத்து, மேஜைவிரிப்பிலேயே வரையத் தொடங்கினார். தாழ்ப்பாள் ஒரு கோடு. அதைவிட்டு விலகிச் சட்டைப்பைக்குள் போகிற கை. படியில் மேலே ஏறிப் போகிற முதுகு. அந்த முதுகு அச்சாக நம்மவருடையது. கீழே 'முற்றும்' என்று எழுதிவிட்டு, பெரிய பாரத்தை இறக்கியவர்போல நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

தலைவர் ஒலிபெருக்கியைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

"அன்பர்களே, பதற வேண்டாம். பேரவையின் முன் அனுமதி இல்லாமல் ஒரு கதை முடிந்திருக்கிறது. கதைகள் இப்படி முடியத் தொடங்கினால் ரசிகர்கள் எதற்கு, ரசிகர்கள் இல்லையென்றால் பேரவை எதற்கு, பேரவை இல்லையென்றால் நான் எதற்கு? ஆகவே இது முடிவு அல்ல என்று அறிவிக்கிறேன். ஓவியர் கூறியது அவருடைய சொந்தக் கருத்து. 'சாவிக்காரி' பற்றிக் கருத்துச் சொல்ல அவருக்குப் பேரவை அதிகாரம் எதுவும் வழங்கவில்லை."

இதற்கும் கைதட்டினார்கள். நம்மவரை, வசனத்தை மீறிய குற்றத்துக்காகத் தகுதிநீக்கம் செய்து, பச்சைப் பட்டையை அறுத்து அனுப்பினார்கள். அறுத்ததும் அவர் மனிதரானார். வாசலில் டிராகன் வாலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்து கைகொடுத்தது. "பல்வலின்னா வாங்க சார்" என்றது. வேறென்ன சொல்வதென்று அதற்கும் தெரியவில்லை.

வழி நெடுக அவர் ஒத்திகை பார்த்தார். திறந்துட்டாராம், ஓவியரே சொன்னார். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். மேஜைவிரிப்பைப் பேரவை மடித்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டது. சாட்சிக்கு யார் வரப்போகிறார்கள்?

வீட்டுக்கு வந்தபோது மனைவியும் அப்போதுதான் கடையிலிருந்து வந்து அடுப்பு மூட்டியிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் ஒத்திகை எல்லாம் காற்றில் போயிற்று.

"நீ சொன்னதுதான் சரி. கையை இழுத்துக்கிட்டார்."

அவள் குதிக்கவில்லை. 'நான் அப்பவே சொன்னேனே' என்றுகூடச் சொல்லவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஓவியரா சொன்னார்?"

"அவருக்குத் தெரியல. என்னைக் கேட்டார். நான்தான் சொன்னேன். அவர் அப்படியே வரைஞ்சு முடிச்சுட்டார்."

"நீங்களா சொன்னீங்க?"

"பொய் சொல்ல வரல."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அழப்போகிறாளோ என்று அவருக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருடம் வாதாடி ஜெயித்தவள் இப்படியா இருப்பாள்?

"நீங்க விடாம திறந்தார், திறந்தார்னு சொல்லிட்டே இருந்தீங்க. அந்தத் தைரியத்துலதான் நான் இல்லேன்னு சொல்லிட்டிருந்தேன். இன்னிக்கும் திறந்தார்னு சொல்லவிடாம உங்களை யார் தடுத்தா? அப்போ அவ இன்னும் உள்ளதான் கிடக்குறாளா?"

"கிடக்குறா."

மனைவி எழுந்தாள். அடுப்பை அணைத்தாள். அவர் கழற்றி வைத்த தோள்பையை எடுத்து அவர் தோளிலேயே மாட்டிவிட்டாள். டார்ச்சைக் கையில் கொடுத்தாள். தானும் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

"வாங்க, நானும் வரேன். போய்த் திறந்துட்டு வந்துடலாம்."

"அந்தப் படம் இருக்கிற மண்டபத்தை மூடியிருப்பாங்க."

"மூடியிருந்தா தட்டுங்க" என்றாள் அவள்.